கயத்தாறு முதல் பாஞ்சாலங்குறிச்சி வரை: ஒரு தமையனின் இறப்பும் தம்பியின் துயரும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலை கோவில்பட்டியைக் கடந்தபின் கரிசல் நிலத்தின் நடுவே நீண்டு செல்கிறது. இருமருங்கும் மானாவாரிப் புஞ்சைகளும் உடைமரங்களும் தோன்ற, அவற்றுக்கு மேலே காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் இடத்தில் கயத்தாறு என்னும் ஊர் வருகிறது. திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே அமைந்த இவ்வூரில்தான், 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மன் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். அந்த இடத்தில் இன்று அவர் சிலை நிற்கிறது. 1959இல் வெளிவந்த திரைப்படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் தம் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி, 1970இல் இச்சிலையை நிறுவச் செய்தார். பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு அங்கு ஒரு மணிமண்டபத்தையும் எழுப்பியுள்ளது. நெடுஞ்சாலையில் விரையும் பேருந்துகளில் இருப்போர் பலர் சிலையை நோக்கித் தலை திருப்புகின்றனர். இறங்கி நிற்போர் சிலரே. அவ்வாறு நிற்போரும் பெரும்பாலும் மாண்ட வீரரைப் பற்றியே எண்ணுகின்றனர். அவருக்குப் பின் இரண்டாண்டுக் காலம் அவருக்காகத் துயருற்று, அத்துயரைத் தன் உயிரால் முடித்த தம்பியின் நினைவும் இவ்விடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாளையம் என்னும் சொல் முதலில் படை தங்கும் இடத்தைக் குறித்தது. மதுரை நாயக்கர் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில், நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது என்பர். ஒவ்வொன்றுக்கும் தலைவராக அமர்த்தப்பட்டு, படை வைத்துக் காவல் புரிந்து, வரி தண்டி, அதில் ஒரு பங்கை மேலரசுக்குச் செலுத்தியவரே பாளையக்காரர் ஆவார். ஆர்க்காட்டு நவாபு கடன்பட்டுத் தளர்ந்தபோது, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாக இப்பாளையங்களிடமிருந்து கப்பம் வாங்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அதன் பின்னர் மூண்ட பிணக்கின் வரலாறு, இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் சந்தித்ததும் அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்ததும், தமிழ் வாசகர் நன்கறிந்தவையாதலின் இங்கு விரித்துரைக்கப்படவில்லை. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டதாயினும், அடுத்த சில நாட்களில் கட்டபொம்மன் கோட்டையை நீங்கி வடக்கே சென்றார். புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் பிடிபட்டு, கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டு, கயத்தாற்றுக்குக் கொண்டுவரப்பட்டார்.

கயத்தாற்றில் நடந்த விசாரணை, பிற பாளையக்காரர்கள் அனைவரும் கூடியிருந்து காணுமாறு ஏற்பாடு செய்யப்பட்ட ஒன்று. அது நீதி வழங்குவதற்காக அமைந்தது என்பதைவிட அச்சுறுத்துவதற்காக அமைந்தது என்று கூறுவதே பொருந்தும். மறுநாள் பானர்மேன் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதம், தூக்கிலிட்டவரின் கையாலேயே எழுதப்பட்டதென்பதால், தனி மதிப்புடையது. விசாரணையின்போது கட்டபொம்மன் சிறிதும் அஞ்சாது நின்றதையும், தம்மைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்துப் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் இகழ்ச்சியுடன் பார்த்ததையும், உறுதியான நடையுடன் மரத்தை நோக்கிச் சென்றதையும் அக்கடிதம் மறைக்காமல் பதிவு செய்கிறது. கோட்டையை விட்டு வெளியேறியதற்காக அவர் மரத்தடியில் வருந்தினார் என்பதும், அங்கேயே போரிட்டு மடிந்திருக்கலாம் என்று கூறினார் என்பதும் அதில் உள்ளன. இவற்றை வரலாற்று நூல்களும் மேடைப் பேச்சுகளும் பலமுறை எடுத்தாண்டுள்ளன. ஆயினும் அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உள்ளது: தூக்குமரத்துக்குச் செல்லும் வழியில் கட்டபொம்மன் எதைப் பற்றியேனும் கவலை தெரிவித்தார் என்றால், அது வாய் பேச இயலாத தம் தம்பியைப் பற்றி மட்டுமே என்று பானர்மேனுக்குச் சொல்லப்பட்டதாம். பாளையம் பறிபோனது, கோட்டை வீழ்ந்தது, தம் உயிரோ இன்னும் சில நொடிகளில் நீங்கவிருந்தது; அந்நிலையில் ஒரு தலைமகனின் மனத்தில் எஞ்சி நின்றது தம்பியின் எதிர்காலம் ஒன்றே. கயத்தாற்றின் மண்ணில் நிற்பவர் மறக்கக் கூடாத செய்தி இது.

பழந்தமிழில் மூத்த சகோதரனைத் ‘தம்முன்’ என்றனர். அதாவது தமக்கு முன் பிறந்தவன். ‘தம்பி’ என்பது தமக்குப் பின் பிறந்தவன் என்னும் பொருளில் அமைந்தது. ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக நடக்கும் வழியைப் போல இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று தழுவியே நிற்கின்றன. முன் நடப்பவன் இல்லாதபோது பின் என்னும் சொல்லே பொருளிழக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் இன்றும் கடைக்காரரையும் முன்பின் அறியாத வழிப்போக்கரையும்கூட ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பது வழக்கம். மூத்தவனுக்குரிய மதிப்பைக் குடும்பத்துக்கு வெளியேயும் நீட்டி வழங்கும் ஒரு நிலத்தில், தன் வீட்டின் மூத்தவனை இழப்பது என்பது தந்தையை இரண்டாம் முறை இழப்பதற்கு ஒப்பாகும். கட்டபொம்மனின் தந்தை ஜெகவீர கட்டபொம்மன் முன்னரே காலமாகியிருந்தார்; எனவே 1790 முதல் பாளையத்துக்கு மட்டுமன்றித் தம்பியருக்கும் தங்கையருக்கும் தலைவராக விளங்கியவர் அவரே.

தூக்கிலிடப்பட்ட இடத்தில் பின்னர் ஒரு கற்குவியல் எழுந்ததாகவும், அவ்வழியே சென்ற ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் இட்டு வணங்கிச் சென்றதால் அது வளர்ந்து, நெடுங்காலம் நின்றதாகவும் அப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கம்பெனி ஆட்சியில் வெளிப்படையாக நினைவுச்சின்னம் எழுப்ப எவருக்கும் துணிவு இருந்திருக்க முடியாது. ஆனால் சாலையோரத்தில் ஒரு கல்லைப் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது. இச்செயலின் வேர் மிகப் பழைமையானது. சங்கப் பாடல்களில் ‘பதுக்கை’ என்றொரு சொல் வழங்குகிறது. பாலை நிலத்தின் வழிகளில் அம்பு பட்டு இறந்தோரின் உடலைக் கற்களாலும் தழைகளாலும் மூடி அமைத்த மேடே பதுக்கை எனப்பட்டது. போரில் வீழ்ந்தவன் பெயரும் பீடும் எழுதி நட்ட கல் ‘நடுகல்’ ஆகும். தலைவன் இறந்தபின் எஞ்சியிருப்போர் செயலற்றுப் புலம்புவதைப் பாடும் துறைக்கு இலக்கணத்தார் ‘கையறுநிலை’ என்று பெயரிட்டனர். கை என்பது இங்குச் செயலையும் ஒழுக்கத்தையும் குறிப்பதாதலின், இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலையே கையறுநிலை. எழுத்தறியாத வழிப்போக்கர்களும் எழுதாக் கற்களால் ஒரு பதுக்கையை எழுப்பினர் என்பது, சங்ககாலத்து மரபு நூல்களை விட்டு மக்களின் கைகளில் தங்கியிருந்ததோ என்று எண்ணத் தூண்டுகிறது.

கயத்தாற்றிலிருந்து தெற்கே செல்லும் சாலை தாமிரவருணியை அடைந்து, ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த பாளையங்கோட்டைக்கு இட்டுச் செல்கிறது. கம்பெனிக் காலத்தில் இது படை தங்கிய கோட்டை நகரம். இன்று பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊராக மாறிவிட்டதனால், பழைய கோட்டையின் மதில்கள் பெரும்பாலும் மறைந்து, மக்கள் ‘மேடை போலீஸ் ஸ்டேஷன்’ என்று வழங்கும் கட்டடம் போன்ற சில எச்சங்களே கண்ணுக்குப் புலப்படுகின்றன. இக்கோட்டைக்குள்தான் கட்டபொம்மனின் தம்பியர் சிறை வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் செவத்தையா எனப்பட்டார். மற்றவர் மக்களால் ஊமைத்துரை என்று அழைக்கப்பட்டவர். ‘துரை’ என்பது தலைவர்க்குரிய மதிப்புச் சொல். பேச்சின்மையைச் சுட்டும் சொல்லுடன் அதைச் சேர்த்து வழங்கியதில் இகழ்ச்சி இல்லை, அன்பே உள்ளது என்பதைக் கதைப்பாடல்கள் அவரைப் போற்றும் முறையிலிருந்து உணரலாம்.

தென்மாவட்டங்களில் ஒருவர் இறந்தால் உடன்பிறந்தாருக்கு உரிய கடமைகள் பல. உடலைக் குளிப்பாட்டுவதற்கு நீர்நிலையிலிருந்து நீரெடுத்து வரும் ‘நீர்மாலை’, சுடுகாடு வரை உடன் செல்லுதல், கொள்ளி வைப்பவருக்குத் துணை நிற்றல், பதினாறாம் நாளில் நிகழும் ‘கருமாதி’ என்னும் சடங்கு ஆகியவற்றின் வழியாகவே துயரம் மெல்ல மெல்லக் கரைந்து, இறந்தவர் முன்னோருள் ஒருவராகிறார். பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. ஒப்பு வைத்து, அதாவது இறந்தவரை இன்னதற்கு நிகர் என்று உவமித்துப் பாடி அழும் பாடலே ஒப்பாரி. ஆண்களுக்கு அந்த வழியைச் சமூகம் திறந்து வைக்கவில்லை. அவர்கள் சடங்கின் செயல்களுக்குள்ளேயே தம் அழுகையை அடக்க வேண்டியிருந்தது. சிறைக்குள் விலங்கு பூட்டப்பட்டிருந்த தம்பியருக்குச் சடங்கும் வாய்த்திருக்காது. அவர்களுள் ஒருவருக்கோ பேச்சும் இல்லை. அண்ணனுக்காக அழுவதற்கு மனித சமூகம் வகுத்துள்ள எல்லா வழிகளும் அடைபட்ட ஒருவர், ஏறத்தாழ 16 மாதங்கள் அக்கோட்டைக்குள் இருந்தார். கம்பெனியின் ஆவணங்கள் அம்மாதங்களில் அவர் என்ன எண்ணினார் என்று கூறவில்லை. அடுத்து அவர் செய்த செயல் அதைக் கூறுகிறது.

1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, பாளையங்கோட்டையிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துண்டு கொண்டிருந்தனர். கம்பெனிப் படையின் பெரும்பகுதி அப்போது சங்கரன்கோவிலில் தங்கியிருந்தது. சிறையில் அம்மை நோய் கண்டதால் கைதிகளின் விலங்குகள் தளர்த்தப்பட்டிருந்தன. மாறுவேடத்தில் ஊருக்குள் வந்திருந்த ஆதரவாளர்கள் காவலரை மடக்கிக் கருவிகளைப் பறித்து, சிறையிலிருந்தோரை வெளியே கொணர்ந்தனர். அப்போரில் கம்பெனியின் பக்கம் பணியாற்றி, பின்னர் 1830இல் தம் படைவாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதியுள்ளார். தப்பியோர் விரும்பியிருந்தால் காவல் குறைந்திருந்த அந்த விருந்து வீட்டை வளைத்துப் பழிதீர்த்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒரே இரவில் ஏறத்தாழ 30 மைல் தொலைவு கடந்து, பொழுது விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர். அண்ணனைக் கொன்றவர்களின் அவையைவிட அண்ணன் வாழ்ந்த மண்ணே அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது. இதைப் போர்த்தந்திரத்தின் பிழையென்று கருதுவோர் இருக்கலாம். இழவு வீட்டுக்கு விரையும் உறவினர் வழியில் எதற்கும் நிற்பதில்லை என்பதை அறிந்தோர் அவ்வாறு கருதமாட்டார்கள்.

அந்த இரவின் திசையிலேயே இன்றைய பயணமும் செல்லலாம். பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்காகச் செல்லச் செல்ல ஆற்றுப் பாசனத்தின் நெல்வயல்களும் வாழைத்தோட்டங்களும் பின்தங்கி, செம்மண்ணும் பனைகளும் தோன்றி, பின்னர் மீண்டும் கரிசல் தொடங்குகிறது. நிழல் அரிதான இச்சமவெளியில் ஒளிந்து நடப்பதற்கு இருட்டைத் தவிர வேறு மறைவு இருந்திருக்காது. சாலை ஒட்டப்பிடாரத்தை அடைகிறது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஊர் இது. பானர்மேன் கோட்டையைத் தாக்கிய அதே நாளில், 73 ஆண்டுகள் கழித்து, அக்கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் அவர் பிறந்தார். ஒட்டப்பிடாரத்தை அடுத்துச் சிறிது தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் மரபினரின் குலதெய்வமான வீரசக்கதேவியின் கோவில், மக்கள் ஜக்கம்மா என்று வணங்கும் தெய்வத்தின் இருப்பிடம், இங்கு உள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் விழாவுக்குப் பல ஊர்களிலிருந்து மக்கள் சுடரேந்தி ஓடிவருவர். கோவிலுக்கு அருகே தமிழ்நாடு அரசு 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை நிற்கிறது. அதன் உட்சுவர்களில் கட்டபொம்மனின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. பழைய கோட்டையின் அடித்தளங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் தனியே உள்ளன.

பழைய கோட்டையைக் கருங்கல் மதில்களும் உயர்ந்த கோபுரங்களும் கொண்டதாகக் கற்பனை செய்து வருவோர் ஏமாற்றம் அடையக்கூடும். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடைய, முழுவதும் மண்ணாலான சுவர்களும் சிறு கொத்தளங்களும் கொண்ட, முள்வேலி சூழ்ந்த அமைப்பே அது. கொத்தளம் என்பது மதிலின் மூலைகளில் வெளிப்புறம் துருத்தி நின்று, பக்கவாட்டில் தாக்குவதற்கு உதவும் பகுதியாகும். 1799இல் கட்டபொம்மன் வீழ்ந்தபின் இக்கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரி 3ஆம் நாள் காலையில் ஊமைத்துரை இங்கு வந்து நின்றபோது அவர் கண்முன் இருந்தது மண்மேடுதான். அண்ணனின் உடலோ கல்லறையோ அன்று, அண்ணன் இருந்த வீட்டின் அழிவு. ஒரு வாரத்துக்குள் மெக்காலே படையுடன் வந்து சேர்ந்தபோது, அழிக்கப்பட்ட இடத்தில் மதில்கள் மீண்டும் எழுந்து நிற்பதைக் கண்டு, தாக்கத் துணியாமல் பாளையங்கோட்டைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆறே நாட்களில் மக்கள் அக்கோட்டையைக் கட்டி முடித்தனர் என்பது கம்பெனி அதிகாரிகளே வியந்து எழுதிய செய்தி.

இவ்வாறு நாட்களுக்குள் ஒரு கோட்டை எழுந்ததைப் படைத்திறத்தின் சான்றாக மட்டும் காண்பது முழுமையாகாது. சிறையிலிருந்து தப்பியவருக்கு மலைகளும் காடுகளும் திறந்திருந்தன. அண்டைப் பாளையங்களில் ஆதரவாளர்களும் இருந்தனர். ஒரு முறை வீழ்ந்துவிட்ட, எதிரிக்கு நன்கு தெரிந்த, சமவெளியில் அமைந்த மண்கோட்டையையே மீண்டும் எழுப்பித் தன்னை அதற்குள் நிறுத்திக்கொள்வது போர்நூல் கூறும் தேர்வு அன்று. தூக்குமரத்தடியில் அண்ணன் வருந்தியது எதற்காகவோ, அதையே தம்பி செய்து முடித்தார்: கோட்டையை விட்டு நீங்கியதற்காக ஒருவர் வருந்தினார், அக்கோட்டைக்கே மற்றவர் திரும்பி வந்தார். அண்ணனின் கடைசிச் சொற்கள் தம்பியின் செவிக்கு எட்டினவா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் பலர் கூடி நின்ற நாள் அது, அத்தகைய சொல் ஊரெங்கும் பரவியிருக்கக் கூடும். சடங்கு மறுக்கப்பட்டவர் சுவரைச் சடங்காக்கினார் என்றும், ஒப்பாரி மறுக்கப்பட்டவர் மண்ணைக் குழைத்து அடுக்கி அழுதார் என்றும் கூறுவது மிகையாகாது. கையறுநிலை என்று இலக்கணம் கூறிய நிலையை, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்னும் அந்நிலையை, அவர் கைகளாலேயே மறுத்தார்.

பேச இயலாத ஒருவர் ஆயிரக்கணக்கானோரை எவ்வாறு நடத்தினார் என்பதையும் வெல்ஷ் எழுதியுள்ளார். மெலிந்த, நோயுற்றவர் போன்ற தோற்றமுடைய இளைஞரென்றும், அவருடைய சிறு சைகையையும் மக்கள் தெய்வ வாக்காகக் கொண்டு நிறைவேற்றினரென்றும், அவரில்லாமல் எந்த ஆலோசனையும் நடக்கவில்லையென்றும் அவர் குறிப்பிடுகிறார். ஊமைத்துரை சில வைக்கோல் துண்டுகளை இடக்கையில் அடுக்கி, அவற்றை ஆங்கிலேயப் படையாகக் காட்டி, மற்றக் கையால் சீறும் ஒலியுடன் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதலுக்கான கட்டளை. எதிர்த்துப் போரிட்ட ஒருவர் இவ்வளவு மதிப்புடன் எழுதியிருப்பதை எண்ணும்போது, நம் பாடநூல்கள் ஊமைத்துரையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருத்தம் தருகிறது. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் முதலிய வாய்மொழி இலக்கியங்களே இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன.

1801 மார்ச் 31ஆம் நாள் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கிப் பேரிழப்புடன் பின்வாங்கியது. மே மாதத்தில் கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளுடன் வந்தார்; மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. உள்ளிருந்தோர் வெளியேறிப் போரிட்டுச் சென்றபோது பலர் வெட்டுண்டு வீழ்ந்தனர், ஊமைத்துரையும் காயமுற்று அவர்களிடையே கிடந்தார். அன்று நிகழ்ந்ததாக வெல்ஷ் பதிவு செய்யும் ஒரு நிகழ்ச்சி இப்பயணத்தின் நெஞ்சில் நிற்கத் தக்கது. வீழ்ந்தோரிடையே தம் உறவினரைத் தேடி ஊர்ப்பெண்கள் வந்தனர். அவர்களுள் ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த தன் மகனைக் கண்டெடுத்தாள். அம்மகனோ தன்னை விட்டுவிட்டு, அருகே காயத்துடன் கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறு வேண்டினான். சாமி என்று அவன் குறிப்பிட்டது ஊமைத்துரையை. தாய் மகனின் சொல்லை ஏற்றாள். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று தம் ஊரில் மறைத்தனர். எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது, அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மையில் இறந்தவரெனச் சொல்லி, சுற்றி அமர்ந்து ஓலமிட்டு அழுதனர். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் தேடி வந்தோர் அகன்றனர்.

இந்நிகழ்ச்சியை ஒரு தப்பித்தல் உத்தியாக மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. சிறையில் விலங்கு தளர அம்மை காரணமாயிற்று. இங்கு உயிர் பிழைக்கவும் அம்மையின் பெயரே உதவிற்று. அதைவிட முக்கியமானது, அன்று எழுந்த அழுகை பொய்யானது அன்று என்பதே. அப்பெண்களில் பலர் அன்று மகனையோ கணவனையோ உடன்பிறந்தானையோ இழந்திருக்கக் கூடும். தன் மகனைக் களத்தில் விட்டு வந்த தாயும் அவர்களிடையே இருந்தாள். மூடிய துணிக்குள் இருந்தவர் இறக்கவில்லை, ஆனால் அழுதவர்களின் துயரம் உண்மையானது. அண்ணனுக்காக ஒப்பாரி கேட்கும் வாய்ப்பு அமையாத தம்பி, துணிக்குள் அசைவற்றுக் கிடந்தபடி, தன்னைச் சுற்றி எழுந்த அந்த ஒப்பாரியை முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

அதன்பின் அவர் சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரரிடம் அடைக்கலம் பெற்றார். பெரிய மருதுவும் சின்ன மருதுவும் தாமே அண்ணனும் தம்பியுமாக இணைந்து நின்றவர்கள். அண்ணனை இழந்த ஒருவரை ஒப்படைக்குமாறு கம்பெனி கேட்டபோது அவர்கள் மறுத்தனர், அம்மறுப்புக்கு விலையாகத் தம் சீமையையும் உயிரையும் கொடுத்தனர். 1801 ஜூன் 16ஆம் நாள் கம்பெனியை எதிர்க்குமாறு மக்களை அழைத்த சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்டது; அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது; அக்டோபர் 24ஆம் நாள் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையும் பிடிபட்டார். நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவருக்கும் செவத்தையாவுக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அண்ணன் மாண்ட நாளிலிருந்து எண்ணினால் அது இரண்டாண்டும் ஒரு மாதமும் ஆகும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரே அரசுக் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது. ஓர் ஊரின் பெயரை அழிப்பது என்பது, அங்கு இறந்தோருக்காக எவரும் வந்து அழ இடமின்றிச் செய்வதாகும். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 1986 முதல் 1997 வரை திருநெல்வேலி மாவட்டமே ‘நெல்லை கட்டபொம்மன்’ என்னும் பெயரைத் தாங்கியது.

நினைவுக் கோட்டைக்கு அண்மையில், முற்றுகைகளில் மாண்ட கம்பெனிப் படையினரின் கல்லறைகள் உள்ளன. தொலைதூர நாட்டில் பிறந்து, இக்கரிசலில் இளம் வயதிலேயே விழுந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர், அண்ணன் தம்பியர் இருந்தனர். கல்லில் பெயர் வெட்டித் தம் துயரைக் காட்டுவதற்கு அவர்களைச் சேர்ந்தோருக்கு வாய்ப்பும் இருந்தது. அக்கல்லறைகளைப் பகைமையுடன் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதே நிலத்தில், அதே போர்களில், கோட்டையின் உள்ளே நின்று மடிந்த ஆயிரக்கணக்கானோருள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பதையும், தன் மகனை விட்டு ஊமைத்துரையைக் காத்த தாயின் பெயரை வெல்ஷும் எழுதவில்லை என்பதையும் அங்கு நிற்பவர் உணராமல் திரும்ப முடியாது.

கயத்தாறும் பாளையங்கோட்டையும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒரே நாளில் கண்டு வரக்கூடிய தொலைவில்தான் உள்ளன. கயத்தாற்றுச் சிலையின் முன் நின்று வணங்குவோர் அங்கிருந்தே ஊர் திரும்பிவிடாமல், பாளையங்கோட்டை வழியாக அந்த 30 மைல்களையும் கடந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வர வேண்டும். தூக்குமரத்தை நோக்கி நடந்த ஓர் அண்ணன் யாரை எண்ணிக் கவலையுற்றாரோ, அந்தத் தம்பி மாண்ட இடம் அதுவே.